பசுவின் பெயரால் பூட்டிய பெட்டி

தம்பி,

சாம்பிராணிப் புகையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், என் சாமி ரூமில் அந்த வாடை வந்தது. தூபக்கால் நெருப்பு திரைச்சீலையில் பட்டுவிட்டதோ என்று முதலில் அதைத்தான் பார்த்தேன். திரைச்சீலை நன்றாகத்தான் இருந்தது. முருகன் படத்துக்குப் பக்கத்தில் நீ கொண்டுவந்து வைத்தாயே, அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து வந்தது வாடை. எப்போதும் பச்சையாக எரியும் இரண்டு சின்ன விளக்கில் ஒன்று ஆரஞ்சாக மாறியிருந்தது. நான் கிட்டே போய்க் குனிந்து பார்க்கவும், பெட்டி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது.

நீ கண்ணை மூடி ஒரு தீபாவளி கழிந்துவிட்டது. உன் குரல் போலவா கேட்டது என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நீ ஒருநாளும் அப்படிக் கத்தினவன் இல்லை. கத்துகிறவள் நான்.

அந்தப் பெட்டியை நீ வாங்கி வந்த நாளில் நமக்குள் நடந்த பேச்சு எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. எஸ்டேட்டை மூடி, நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்து, ஆளுக்கு ஒரு பக்கம் போன பிறகு, நீ ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெராம், செகிஞ்சான், ரவாங் என்று வீடு வீடாகப் போனாய். பழைய படங்களை வாங்கிவந்து படம் பிடித்தாய். பூசணம் பிடித்த வீடியோ கேசட்டுகளை ஓடவைத்து ஏற்றினாய். எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போனது. வீட்டிலிருக்கிற எந்தப் போனிலிருந்தும் தட்டிப் பார்க்கலாம் என்று பெருமை அடித்தாய்.

"எதுக்குடா இது? எந்த வீட்டுல யார் இருந்தா, எவ கல்யாணத்துல எவன் தட்டைத் தூக்கிப் போட்டான், எல்லாம் என் மண்டையில இருக்கு" என்றேன்.

"இருக்கு அக்கா. ஆனா உன் மண்டைக்கு ரெண்டாவது காப்பி இல்லியே."

அன்று எனக்கு வந்த கோபத்தில் உனக்கு டீ கூடப் போடவில்லை. அதுவும் நினைவிருக்கிறது.

பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது, ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் தானாக எழுதப்படும், ஒன்று செத்தாலும் இன்னொன்று பிழைத்திருக்கும் என்று விளக்கினாய். ரவாங் ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்த்தே காலம் கழித்தவனுக்கு அதெல்லாம் விளையாட்டு. உடம்பு படுத்தத் தொடங்கியதும் பெட்டியைப் புக்கிட் செந்தோசாவில் உன் மகள் கவிதா வீட்டிலிருந்து இங்கே தூக்கிவந்தாய். அங்கே சின்னப் பிள்ளைகள் கண்ட வயரையும் பிடித்து இழுக்கும். என் வீட்டில் சாமி ரூம் பிளக்கை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். சாமி பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது மாமியார் காலத்துச் சட்டம். அதனால் அங்கேயே வைத்தாய். ஆயுத பூஜை வந்ததும் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, விபூதிப் பட்டையும் இழுத்தாய். காற்று போகிற ஓட்டையை அடைக்கிறாயே என்று நான் கேட்டதற்கு, "இதுவும் ஆயுதம்தானே" என்றாய். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சந்தனம் வைத்தது நீ. வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டியது நான். பழியைப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வோம்.

வெறும் பெட்டி கெட்டுப்போன விஷயம் என்றால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். அதற்கு முந்தின வாரம்தான் செகிஞ்சானிலிருந்து லெட்சுமியின் மகன் போன் செய்திருந்தான். எஸ்டேட்டில் ஆட்களை மேய்த்த மண்டோரின் மகள் லெட்சுமி. அவள் வீட்டுக் குரல் என் காதில் விழுந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

"பெரியம்மா, அம்மாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் நிக்கறதில்ல. என்னையே சில நாளு யாருன்னு கேக்கிறாங்க. சாந்தி எங்கே, சாந்தி எங்கேன்னு காலையில இருந்து தேடறாங்க. உங்க தம்பி மாமா, எங்க அக்கா கல்யாணக் கேசட்டை ஏத்தி வெச்சிருக்கேன், காப்பி தர்றேன்னு சொல்லியிருந்தாரு. அது உங்ககிட்ட இருக்குமா?"

சாந்தி அவனுடைய அக்கா, லெட்சுமிக்கு ஒரே மகள். கல்யாணமான மறு வருஷம் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அவள் பேசுகிற, சிரிக்கிற, நடக்கிற படம் என்று உலகத்தில் இருந்தது அந்தக் கேசட் ஒன்றுதான். நீ ஏற்றி முடித்ததும் கேசட் உள்ளேயே நாடா அறுந்து போயிற்று. மிச்சம் இருந்தது பெட்டியில். தர்றேன் என்று நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய். கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

பீப் சத்தத்தோடு கவிதாவைப் போனில் பிடித்தேன். "அத்தை, எதையும் ஆஃப் பண்ணாதீங்க. பிளக்கைப் பிடுங்காதீங்க. சாம்பிராணியை மட்டும் வெளிய கொண்டுபோய் வையுங்க. காலையில வந்துடறேன்" என்றாள்.

காலையில் லேப்டாப்போடு வந்து சாமி ரூமில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அப்படியே நீ உட்காருகிற மாதிரி. பெட்டிக்குள் போய்ப் பார்க்கப் பாஸ்வேர்ட் கேட்டது. உன் பிறந்த தேதியைப் போட்டாள். அவள் அம்மா பெயரைப் போட்டாள். ஃபேக்டரியில் உன் ஆள் நம்பரைக்கூடப் போட்டாள். எதற்கும் அது அசையவில்லை.

"இன்னும் தப்பாப் போட்டா பூட்டிக்கும் அத்தை. பின்னால ஒரு சின்ன ஓட்டை இருக்கு, ஊசி வெச்சு அமுத்தினா பாஸ்வேர்ட் அழியும். ஆனா அப்பா உள்ள என்னென்ன செட்டிங் பண்ணி வெச்சிருக்காருன்னு தெரியாம அமுத்த பயமா இருக்குலா. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"என்கிட்ட என்ன சொன்னான்? சாமி ரூம்ல உக்காந்துகிட்டு என்னைக் கிண்டல் பண்ணினான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றேன்.

பெட்டியை அங்கே வைத்த அன்று, எதையோ தட்டிக்கொண்டிருந்த நீ தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்: "அக்கா, நம்ம பசு பேரு என்ன?"

"தெரியாத மாதிரி கேக்கிறியா?"

"சொல்லேன்."

ஒரு பெயரைக் கேட்டவனுக்கு முழுக் கதையையும் சொன்னேன். அப்பா கன்றாக வாங்கி வளர்த்தது. கயிறு அறுத்துக்கொண்டு போய்ச் செம்பனை நாற்றுமேடையில் வாய் வைத்தது. மண்டோர் அதை ஆபீஸ் வாசலில் கட்டிவைத்துவிட்டுக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிக் கொடுத்தது. லயத்தில் இனி மாடு வைக்கக் கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டது. கறிக்காரன் லோரியில் அது ஏற மறுத்தது. நீ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். மண்டோர் மகள் லெட்சுமி தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து ஐஸ் குச்சி சப்பிக்கொண்டு சிரித்தாள். சிவப்பு ஐஸ். வாயெல்லாம் சிவப்பு. அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாய். லயத்து வீட்டு நம்பரையும் கேட்டாய். தட்டி முடித்துவிட்டுச் சிரித்தாய்.

"நீ இந்தக் கோவத்தை விடற வரைக்கும் பெட்டி பத்திரமா இருக்கும்லா."

அன்று அதை நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன். உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நீ சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனது இப்போதுதான் புரிந்தது. பிறந்தநாளை மறப்பேன், மருந்து வேளையை மறப்பேன், அதை மட்டும் மறக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய்.

"போடு" என்று கவிதாவிடம் சொன்னேன். பசு பெயர், பின்னால் வீட்டு நம்பர். திறந்துகொண்டது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இந்த மடல் யார் கையில் போகுமோ, எனக்கென்ன தெரியும்.

உள்ளே பார்த்த கவிதாவின் முகம் மாறியது. "ஒரு டிஸ்க் போயிடுச்சி அத்தை. இன்னொன்னும் ஓவர் ஹீட். இதுவும் போச்சுன்னா எல்லாம் போச்சு." புது டிஸ்க் ஒன்றை உள்ளே போட்டால் பிழைத்திருக்கிற பழையது தன்னிடம் உள்ளதை எல்லாம் புதியதற்கு ஊட்டும், ஆனால் அந்த வேலையின் சூட்டிலேயே பழையது செத்துப்போகலாம் என்றாள். முதலில் அந்தப் பழைய டிஸ்க் கிழவியைக் குளிரவைத்து, கையில் இருப்பதைத் தனியாக ஒரு டிஸ்கில் வாங்கிவிட வேண்டும். பிரசவம் பார்க்கிறவள் பேசுகிற மாதிரிப் பேசினாள். எனக்குப் பிடித்திருந்தது.

பெட்டியை முறையாக அணைத்து, விளக்கு அடங்கும்வரை காத்திருந்து, ஹாலுக்குத் தூக்கிவந்தோம். மூடியைக் கழற்றினால், தம்பி, காற்றாடி இறக்கையில் கறுப்பு மை. தூண்டாமணி விளக்குக்கு மேலே உத்தரத்தில் படியுமே, அந்த எண்ணெய்ப் பிசுக்கு. ஓட்டையில் எல்லாம் உன் சந்தனம் காய்ந்து கல்லாகி இருந்தது. கவிதா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் பெயிண்ட் பிரஷால் துடைத்தாள். கறுப்பாகக் கொட்டியதை ஒரு பழைய பேப்பரில் மடித்து வைத்தேன். விபூதி கலந்தது, குப்பையில் போட மனம் வரவில்லை.

மறுபடி பிளக்கைச் செருகினோம். காற்றாடி முனகியது, நின்றது, மறுபடி முனகியது, பிறகு சுற்றியது. ஸ்டாண்டு ஃபேனை அதன் எதிரே திருப்பி வைத்தேன். அந்த வெயிலில் எனக்குக் காற்று இல்லை. பரவாயில்லை.

காப்பி எடுக்க வைத்திருந்த தனி டிஸ்கை வெளியே இருந்து செருகிவிட்டுக் கவிதா கேட்டாள்: "எதை முதல்ல எடுக்கிறது?"

கேட்டுவிட்டு அவளே ஒன்றைத் தொட்டாள். உன் பெயர் போட்ட இடம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ எடுத்தது, நீ பேசி வைத்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது.

"அது வேணாம். லெட்சுமி வீட்டுக் கல்யாணத்தை எடு."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தை, அவங்களோட நீங்க பேசறதே இல்லியே. அவங்க பேரு எடுத்தாலே சோத்துல இருந்து எந்திரிச்சிடுவீங்க."

"இப்பவும் எந்திரிப்பேன். எடு."

"இது என் அப்பா அத்தை."

"உன் அப்பன் உன் தலையில இருக்கான், என் தலையில இருக்கான். சாந்தி யார் தலையில இருக்கா? பெத்தவ தலையில இருந்தே போய்க்கிட்டு இருக்கா. தர்றேன்னு உன் அப்பன் வாக்குக் கொடுத்திருக்கான். எங்க அப்பன் பிள்ளைங்க வாக்குத் தவறினாங்கன்னு மண்டோர் வீட்டுல ஒரு பேச்சு வரக்கூடாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டாள். என் மீது அவளுக்கு மனத்தாங்கல் இருந்திருக்கும். இருக்கட்டும், எங்கள் ரத்தம்தானே.

பாதி ஓடியிருக்கும், வானம் கறுத்தது. கடல் பக்கமிருந்து இடி உருண்டு வந்தது. நம் ஆட்கள் இடி இடித்தால் முதலில் என்ன செய்வோம்? ஓடிப்போய் எல்லாப் பிளக்கையும் பிடுங்குவோம். லயத்தில் ஒரு டிவி எரிந்து போனதிலிருந்து வந்த பழக்கம். அடுப்படியிலிருந்து மருமகள் ஈரக்கையோடு ஓடிவந்து டிவி பிளக், ஃபேன் பிளக் என்று பிடுங்கிக்கொண்டே பெட்டியிடம் வந்தாள்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

"அத்தை, இடி இறங்கினா வீடே போயிடும்."

"ஃபிரிட்ஜைப் பிடுங்கு. வாஷிங் மெஷினைப் பிடுங்கு. சாமி பல்பைக்கூட அணை. இது நிக்கக்கூடாது."

சாமி பல்பை அணைக்கச் சொன்னதும் மருமகள் வாயைப் பிளந்து நின்றாள். கவிதா மட்டும் வெளியிலிருந்து வருகிற இண்டர்நெட் வயரை உருவிவிட்டாள். நான் நாற்காலியைப் பிளக்குக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நடுவில் கரண்டை வெட்டினால் இருக்கிற ஒரு டிஸ்கும் போகலாம். வெட்டாமல் இருந்து இடி விழுந்தால் எல்லாம் போகும். எது சரி என்று எனக்குத் தெரியாது. சாந்தி ஒருத்தி வெளியே வந்துவிடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் தெரியும். கூரையில் மழை விழ ஆரம்பித்தது. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சிடுச்சி அத்தை" என்று கவிதா சொன்ன பிறகுதான் எழுந்தேன். பெட்டியை முறையாக அணைத்து, பிளக்கை நானே என் கையால் எடுத்தேன். மழை விட்டதும் மிச்சத்தை எடுக்கத் தொடங்கினாள். மறுநாள் முழுக்க ஓடியது. எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகுதான் செத்த டிஸ்கைக் கழற்றி, அந்த இடத்தில் இன்னொரு புதியதைப் போட்டாள். அந்தக் கிழவியும் அதற்கு ஊட்டி முடித்துத்தான் ஓய்ந்தாள்.

காப்பி எடுத்தால் மட்டும் போதாது, சரியாக ஓடுகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது நீ அடிக்கடி சொன்னது. மழை விட்ட சாயங்காலம் சாந்தியின் கல்யாணத்தை டிவியில் ஓடவிட்டோம். நான் போகாத கல்யாணம். லெட்சுமி பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் ஆள்விட்டு அனுப்பினாள். வெற்றிலை பாக்கு இல்லாமல் வந்த பத்திரிகைக்கு நான் போவேனா? நீயும் போகவில்லை. அன்று ஃபேக்டரியில் ஓவர்டைம் என்று சொன்னாய்.

எஸ்டேட் மண்டபம். மணவறை. சாந்தி தலை குனிந்து, பக்கத்தில் யாரோ சொன்னதற்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு பந்தி. வாழை இலைகளுக்கு நடுவே ஒருவன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஆடிக்கொண்டே வருகிறான். முகம் நிறைய மீசை. கேமராவைப் பார்த்ததும் கரண்டியைத் தூக்கிக் காட்டுகிறான்.

நீ.

கவிதா "அப்பா" என்று எழுந்து நின்றுவிட்டாள். உன்னை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்தவள் மகளை முதலில் எடுக்கச் சொன்னேன். நீ அதற்குள்ளேயே வாளியோடு நிற்கிறாய். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனால் தம்பி, ஓவர்டைமா? எத்தனையோ படத்தை எனக்குப் போட்டுக் காட்டினவன், இந்த ஒன்றை மட்டும் ஏன் காட்டவில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது. நானும் மேலே வந்து சேருவேன். அப்போது இதைக் கேட்பேன்.

அடுத்த ஞாயிறு கவிதா காரில் செகிஞ்சானுக்குப் போனோம். இரண்டு பக்கமும் பச்சை வயல். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். என் தம்பி கொடுத்த வாக்கு, இந்தா, அவ்வளவுதான், காப்பி குடிக்கக்கூட உட்கார மாட்டேன். மாடு விஷயத்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

லெட்சுமி சுருங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முடி எல்லாம் வெட்டிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து யாரோ என்று சிரித்தாள். மகன் டிவியில் ஓடவிட்டான். சாந்தி வாயைப் பொத்திச் சிரித்த இடம் வந்ததும், அந்தச் சுருங்கின உடம்பு நிமிர்ந்தது. எழுந்து போய் டிவியில் கை வைத்தாள்.

"சாந்தி. ஏன் குட்டி, பூவை இப்படி வெச்சிருக்கே, சரிஞ்சிக் கெடக்கு பாரு" என்று சரிசெய்யப் போனாள். அவள் மகன் வெளியே போய்விட்டான். நான் உட்காரமாட்டேன் என்று போனவள், உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து லெட்சுமி என் பக்கம் திரும்பினாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீ மாட்டுக்காரர் மவதானே?"

"ஆமா."

அவள் நம் பசுவின் பெயரைச் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். "அதோட பாலுல டீ போட்டா ஆடை மஞ்சளா படியும். எங்க அம்மா உங்க வீட்டுலதான் வாங்குவாங்க. மழை வர்ற மாதிரி இருக்கே, அதைக் கொண்டாந்து கட்டிட்டீங்களா?"

மண்டோரும் இல்லை, நாற்றுமேடையும் இல்லை, லோரியும் இல்லை. அன்று தொட்டி மேல் உட்கார்ந்து சிரித்த ஞாபகமும் அவளிடம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. அதைக் கேட்டால் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

"கட்டியாச்சு" என்றேன்.

"அப்ப சரி" என்று மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஒரு காப்பி வேறு வீட்டில் இருக்க வேண்டும், ஒரே வீட்டில் எத்தனை வைத்தாலும் தீ ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறாய் அல்லவா. ஒன்று பெட்டியில் இருக்கிறது, ஒன்று கவிதாவிடம். மூன்றாவதை லெட்சுமி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். புதிதாகச் சேர்வதையும் அதில் ஏற்ற வேண்டும் என்பதால் மாதம் ஒரு முறை நான் போக வேண்டியிருக்கிறது. டிஸ்குக்காகத்தான் போகிறேன். போகும்போது வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். நேரில் போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும் என்று அந்த வீட்டுக்கும் தெரியட்டும்.

பெட்டி இப்போது ஹாலில், காற்று வருகிற இடத்தில் இருக்கிறது. சாம்பிராணி அந்தப் பக்கம் வராது. ஆயுத பூஜை அன்று அதன் பக்கத்துச் சுவரில் ஒரு பொட்டு வைத்தேன், போதும்.

பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்று கவிதா இரண்டு முறை சொல்லிவிட்டாள். அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று வாய்விட்டுச் சொல்லாமல், நம் இரண்டு பேரை விட்டால் வேறு யாருக்கும் தெரியாதே என்றாள். மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் மண்டைக்கு இரண்டாவது காப்பி இல்லை என்றாயே, அந்த ஒரு பெயருக்கு இருக்கிறது. செகிஞ்சானில், வயலைப் பார்த்துப் போட்ட ஒரு நாற்காலியில், மழைக்கு முன்னால் மாட்டைக் கட்டிவிட்டார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

உன் அக்கா